ஆறு பாயிண்ட்

தங்கம் வேண்டும் என்றார் அத்தர் கடை தஸ்தகீர்.
திரையில் தங்கம் கிடையாது.
இருப்பது மஞ்சளும் கொஞ்சம் பழுப்பும்,
மானிட்டரைச் சாய்த்தால்
கடுகு அரைத்த விழுது.
"பிரஸ்ல வேற மாதிரி வரும் பாய்" என்றேன்.
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் இதை,
ஜாம் பஜாரின் இந்த மாடிப்படிக்குக் கீழே
உட்கார்ந்துகொண்டு.

லேபிள் கட்டைவிரல் அளவு.
மேலே கடைப் பெயர், நடுவில் ரோஜா,
அடியில் ஆறு பாயிண்டில் ஒரு வரி:
மணம் மாறாதது.
திரையில் ஆறு பாயிண்ட் என்பது
கம்பளிப்பூச்சி ஊர்வலம்.
சுழிக்கு ஒரு புள்ளி கிடைத்தால் அதிகம்.

லேசரில் ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.
தங்கம் காமாலைக் கண்ணாக வந்தது.
ரோஜாவின் குறுக்கே ஒரு கோடு;
டிரம்மில் கீறல், மார்ச்சிலிருந்து இருக்கிறது.
சின்ன எழுத்துகளின் சுழியெல்லாம்
டோனர் அடைத்து எள்ளுருண்டை.
அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
எள்ளைப் படித்தார்.
"சரியா இருக்கு."
நானும் படித்தேன். சரியாகத்தான் இருந்தது.
என்ன இருக்க வேண்டுமோ
அதைத்தான் ரெண்டு பேரும் படித்தோம்.

வியாழக்கிழமை மழையில்
ராயப்பேட்டை பிரஸ்ஸிலிருந்து ஐயாயிரம் வந்தது,
ஆட்டோ சீட்டில், பிளாஸ்டிக் சுற்றி.
பிரித்தால்
தங்கம் தங்கமாகவே இருந்தது.
சாய்க்கச் சாய்க்க விளிம்பில் ஓடியது.
ரோஜாவின் இதழ்களைத் தனித்தனியே எண்ணலாம்.
அடியில்,
மயிரிழை பிசகாமல்
ஊசிமுனையால் குத்தி வைத்தது போல்

மனம் மாறாதது.

ரெண்டு சுழி.
முதலிலிருந்தே ரெண்டு சுழிதான்,
நான் அடித்தது.
திரை கண்டுகொள்ளவில்லை,
லேசர் மையை அப்பி மூடியது,
அச்சு மட்டும்
போட்டுக் கொடுத்துவிட்டது,
ஐயாயிரம் தடவை.

கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைத் திறந்து பார்த்தேன்.
சத்தியமாக,
இப்போதும் மணம் என்றுதான் தெரிகிறது.

தஸ்தகீர் பாய் பேசவில்லை.
ஒரு லேபிளை நாக்கில் நனைத்து
குப்பியில் ஒட்டினார்.
டியூப்லைட்டில் தூக்கிப் பிடித்தார்.
மூடியைத் திறந்து முகர்ந்தார், எதற்கென்று தெரியவில்லை.
பிறகு கேட்டார்:
"ஒரு சுழிக்கு எவ்ளோ குறைப்பே?"

கால்குலேட்டரை எடுத்தேன்.
அதன் திரையில் ஒரு கோடு செத்து வெகுநாளாகிறது.
எட்டும் ஆறும்
அங்கே ஒன்றுதான்.