ஒன்றும் நடக்காத ஆண்டு

வியாழன் காலை ஒன்பதரைக்கு
ஏபிஷரோடு ஆண்டுச் சந்திப்பு. நாற்பத்தைந்து நிமிடம்.
மூன்று பக்கமும் நிரப்பிக்கொண்டு வரட்டாம்.

இரவு. பானை கழுவிக் கவிழ்த்தாயிற்று.
மேசையில் படிவம், பென்சில், ஆறிய தேநீர்.
வெளியே ஆரே ஆற்றின் பனிப்புகார்
ஓல்ட்டன் ரயில் நிலையத்தை விழுங்கிவிட்டது.
அறிவிப்புக் குரல் மட்டும் மிச்சம்:
சூரிச் ரயில் நான்கு நிமிடம் தாமதம்.
அந்த நான்கு நிமிடத்துக்கும் யாரோ
எங்கோ படிவம் நிரப்புவார்கள்.

முதற் கேள்வி: இந்த ஆண்டின் உங்கள் சாதனைகள்.
ஆதாரத்தோடு.

எனக்கு வேலை நிலக்கீழ்த் தளத்தில்.
மேலே வெட்டுகிறார்கள், தைக்கிறார்கள்.
கீழே நாங்கள்
கத்தரியை, இடுக்கியை, கொக்கியைக்
கழுவி, எண்ணி, உருப்பெருக்கியின் கீழ் வடிவாய்த் திருப்பிப் பார்த்து
நூற்று முப்பத்து நான்கு பாகை நீராவிக்குள் அனுப்புகிறோம்.
நன்றாகச் செய்தால்
ஒன்றும் நடக்காது.
ஒருவருக்கும் காய்ச்சல் வராது.
ஒரு தையலும் சீழ் பிடிக்காது.
தொலைபேசி அடிக்காது.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்.
இடுப்பெலும்புத் தட்டில் பதினேழாவது இடுக்கி.
அதன் மூட்டுக்குள் ஒரு புள்ளி,
கடுகைப் பத்தாய் உடைத்தால் அதில் ஒரு துண்டு.
முழுத் தட்டையும் திருப்பி அனுப்பினேன்.
இருபது நிமிடம் காக்க வைத்தேன் என்று மேலிருந்து ஏசினார்கள்.
ஏச்சு பதிவில் இருக்கிறது.
புள்ளி இல்லை.
அன்று மேலே படுத்திருந்தவர் யாரோ
இப்போது மிக்ரோவில் வண்டி தள்ளிக்கொண்டு
வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருக்கலாம்.
அவரை எப்படி இணைப்பாய் வைப்பது?

இரண்டாவது: உங்களுக்கு நீங்களே புள்ளி இடுக.
ஒன்று முதல் ஐந்து வரை.

போன ஆண்டு நா கூசி மூன்று போட்டேன்.
அவர் தலையாட்டினார், தானும் மூன்று போட்டார்.
மீன் விற்கிறவளே விலையைக் குறைத்துச் சொன்னால்
வாங்குகிறவன் கூட்டியா தருவான்?
லூர்டெஸ், விளக்கை அணைக்க மறந்து வீட்டுக்குப் போகிறவள்,
எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டிருந்தாள்.
'நாலு போட்டால் ஏன் நாலு என்பார்கள்,
ஐந்துக்கு ஒருவரும் காரணம் கேட்பதில்லை.'

கை பழைய பழக்கத்தில் 3 எழுதியது.
மேல் வளைவை அழித்து நிமிர்த்தினேன்.
5 ஆகிவிட்டது,
கொஞ்சம் கூனலோடு.

தண்ணீர் குடிக்க வந்த மாதுமை
தோளுக்கு மேலால் வாசித்தாள்.
'அம்மா, எண்ணப்பட்டது, கழுவப்பட்டது, அனுப்பப்பட்டது...
செய்தது ஆர்?'
கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

ஜெர்மனில் 'நீங்கள்' பெரிய எழுத்தில் தொடங்கும்.
'நான்' சின்ன எழுத்துத்தான்.
சின்னதுதானே என்று
பதினொரு இடத்தில் செருகினேன்.

அடுத்த ஆண்டின் இலக்கு. அளக்கக்கூடியதாக.
பூச்சியம் என்று எழுதிப் பார்த்தேன்.
உண்மை அதுதான்.
அவர் தவறாய் விளங்கிக்கொள்வார். அழித்தேன்.
அழித்த இடத்தில் தாள் மெலிந்துபோயிற்று.
அது வெறுமையாகவே கிடக்கட்டும், வியாழனுக்கு இன்னும் ஒரு இரவு இருக்கிறது.

கடைசிப் பெட்டி: வேறு ஏதாவது?
இதற்கு மட்டும் யோசிக்கவே இல்லை.

மூன்றாம் மேசையின் உருப்பெருக்கி விளக்கு
மே மாதத்திலிருந்து சிமிட்டுகிறது.
நான் இரண்டு தரம் சொல்லிவிட்டேன்.