காப்பு

முன் மேசையில் சமிந்த
ஒரு நாளைக்கு முப்பது தடவை
தன் வீட்டுத் திறப்பால்
மாதிரி மணிக்கூட்டைக் கீறிக் காட்டுவான்.
டைட்டேனியம். மேலே கறுப்புக் காப்புப் பூச்சு,
தலைமயிரில் முப்பதில் ஒரு பங்கு தடிப்பு.
ஆட்கள் குனிந்து பார்ப்பார்கள். ஒன்றுமிராது.
ஆறு மாதத்தில் தேய்ந்தது திறப்புத்தான்.
தெஹிவளையில் இப்போது
கதவைத் தோளால் முட்டித் திறக்கிறானாம்.

நான் பின் மேசை. உத்தரவாதம்.
பம்பலப்பிட்டியில் விற்றது
குறையோடு திரும்பினால் என்னிடம் வரும்.
நசுங்கியது வரும். (அடியிலிருக்கும் உலோகம்
லேசில் குழியும் சாதி; விற்கும்போது
அதை யாரும் சொல்வதில்லை.)
ஒருவர் மணிக்கூட்டைக் கடலில் விட்டுவிட்டு
வெறும் பெட்டியைக் கொண்டுவந்தார்.

செவ்வாய்க்கிழமை, மழைக்குச் சற்று முன்,
அருள்நேசன் என்றொருவர்.
மரைன் டிரைவில் விடிய ஓடுகிறவர் என்று
சப்பாத்தின் உப்பிலேயே தெரிந்தது.
கழற்றவில்லை. கையோடு நீட்டினார்.
"கீறல் விழாதெண்டுதானே வித்தனீங்கள்?"

ஆறு மணிப் பக்கம், விளிம்பில், ஒரு கோடு.
எங்கே பட்டது என்றேன்.
ஒரிடத்திலும் படவில்லை.
பிறகு, லிஃப்ட் கதவாக இருக்கலாம்.
பிறகு, ரயில் கம்பி.
மூன்று பதிலுக்கும் படிவத்தில்
ஒரு வரிதான் இருந்தது.

உருப்பெருக்கியைக் கண்ணில் இறுக்கினேன்.
கீறலென்றால் பள்ளமாயிருக்கும், இது மேடு.
கீறலென்றால் அடியிலுள்ள சாம்பல் நிறம் தெரியும்.
இது மஞ்சள்.

லாச்சிக்குள் எப்போதும்
பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பர் ஒன்று கிடக்கும்.
இருபது தேய்ப்பு.
கோடு போனது. கறுப்பு அப்படியே கறுப்பு.
"உங்கட மணிக்கூட்டுக்கு ஒண்டுமில்லை.
இது மற்றதிலயிருந்து வந்து ஒட்டினது.
இறுக்கமானதும் மெதுவானதும் உரசினா
மெதுவானதுதான் குடுக்கும்.
நல்ல பவுன்," என்றேன், "இருபத்திரண்டு கரட்.
பித்தளை இவ்வளவு லேசில இறங்காது."

சிரிப்பார் என்று நினைத்தேன்.
எல்லாரும் இந்த இடத்தில் சிரிப்பார்கள், காசு மிச்சம்.
அவர் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
சனிக்கிழமை இரவு, என்றார்.
கதவடியில். கையைப் பிடிச்சவ.
உதறினனான்.

"ஒரு காப்புத்தான் மிச்சம் இருந்தது."
மற்ற ஐந்தும் செட்டியார் தெருவில்.
இந்த மணிக்கூட்டுக்காக இல்லை,
என்று அவசரமாகச் சொன்னார்.
நான் கேட்கவேயில்லை.

அழிறப்பர்த் தூள் மேசையில் கிடந்தது,
அழுக்கும் ஒரு துளி மினுக்கமும்.
தொடப்போகிறவர்போல் விரல் நீட்டினார்.
பழக்கதோஷம்,
நான் அதற்குள் ஊதிவிட்டேன்.

'பொருளுக்குச் சேதம்: இல்லை'
என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டார்.
"அதில அடையாளம் இருக்குமோ?"
எதில் என்று கேட்காமல், இருக்கும் என்றேன்.
தட்டையாக, பளிச்சென்று, நெல் நுனியளவு.
தேடினால்தான் தெரியும்.

மழை பிடித்துக்கொண்டது.
வாசலில் நின்று மணிக்கூட்டைக் கழற்றிச்
சட்டைப் பைக்குள் போட்டார்.
இருநூறு மீட்டர் ஆழம் தாங்கும் சாமான்.
நனையட்டும், ஒன்றும் ஆகாது என்று
கூப்பிட்டுச் சொன்னேன்.
காலி வீதி இரைச்சலில்
கேட்டிராது.