ஏழாம் நிறம்

அட்டையில் ஒன்பது நிறங்கள்.
பிள்ளை பெற்று ஹுவாலியனிலிருந்து வீடு திரும்பும் எவருக்கும்
தடுப்பூசிப் புத்தகத்தோடு கொடுத்தனுப்புவோம்.
மலம் ஏழு, எட்டு, ஒன்பது என்றால் நிம்மதி.
அதற்குக் கீழே என்றால் ஓடிவா.

டோங்கியால் ஓடிவர முடியவில்லை.
விடியுமுன் முட்டை ரொட்டி சுடும் கடை,
புருஷன் கணவாய்க் கப்பலில்,
மண் சரிந்து மூடிய மலைச்சாலை.
நாற்பத்தொன்பதாம் நாள் வந்தாள்,
குழந்தையின் துணியை அப்படியே பையில் கட்டி.
செவிலி ஷியே அட்டையை அருகில் பிடித்தார்.
இரண்டு, என்றார்.
சன்னலோரம் போய்ப் பார்த்துவிட்டு,
இரண்டுதான்.

மறுநாள் என் மேசைக்கு வந்தது
அரிசிமணிக்கும் மெலிந்த ஈரல் துணுக்கு.
மெழுகில் புதைத்தேன், சீவினேன்,
வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்தினேன்.
பித்தநாளச் செல்கள் மட்டும் பழுப்பாகும் சாயம்.
நாளுக்கு நாற்பது வில்லை; பெயர் பார்ப்பதில்லை.
இதில் பார்த்துவிட்டேன். நாமோ.

நல்ல ஈரலில் அவை இருப்பதே தெரியாது.
குழாயின் உட்சுவரில் ஒற்றை வரிசை.
ஆளுக்கொரு மயிரிழையைப் பித்தத்தில் நனைத்து
வேகம் என்ன, கசப்பு எவ்வளவு என்று
பார்த்துக்கொண்டிருப்பவை.

இங்கே ஓட்டமே இல்லை.
ஈரலுக்கு வெளியே வாசல் அடைந்துவிட்டது,
ஏனென்று எவருக்கும் முழுசாகத் தெரியாது.
அவை பெருகியிருந்தன.
ஒன்று இரண்டாகி, இரண்டு தெருவாகி,
தெருவெல்லாம் முட்டுச்சந்தாகி.
எண்ணத் தொடங்கினேன், விட்டுவிட்டேன்.

பெருகுவதோடு நிற்பதில்லை, கூவும்.
சாயத்தில் அது தெரியாது, படித்ததால் தெரியும்.
அடைப்பு, அடைப்பு என்று
புரதத் துளிகளில் அக்கம்பக்கத்துக்குச் சொல்லியனுப்பும்.
செவிடன் காதில் ஊதிய சங்காகப் போயிருந்தால்
ஈரல் கொஞ்சம் தப்பித்திருக்கும்.
கேட்டுவிட்டது.
வைட்டமின் ஏ-யை மடியில் முடிந்துகொண்டு
சும்மா கிடந்த நட்சத்திரச் செல்கள்
மடியை உதறி எழுந்து வந்தன,
உதவிக்குத்தான்.
அவற்றுக்குத் தெரிந்த உதவி நார் நெய்வது.

நீலச் சாயமிட்ட அடுத்த வில்லையில்
தழும்பு, தீவுக்குத் தீவு
பாலம் போடத் தொடங்கியிருந்தது.

ஐம்பத்திரண்டாம் நாள் டாக்டர் குவோ
சிறுகுடலை மேலே இழுத்து
ஈரலின் வாசலில் தைத்தார்.
ஒழுகினால் ஒழுகும், என்றார். அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து, நான் சாப்பிடும் நேரத்தில்,
ஷியே கைபேசியை நீட்டினார்.
ரொட்டிக் கடையின் எவர்சில்வர் மேடையில்
விரித்த துணி, பக்கத்தில் அட்டை.
திரை வெளிச்சம் நிறத்தை மாற்றும், என்றேன்.
ஏழு, என்றார். ஏழு மாதிரிதான்.
இரண்டு பேரும் சன்னலோரம் போனோம்.

வழி திறந்தது என்று
அந்தச் செல்களுக்கு யார் சொல்வது?
பித்தம் தொட்டால் மயிரிழை அறியுமோ என்னவோ.
சில ஈரல்களில் அப்புறமும் அடங்குவதில்லை.

மாலையில் வில்லையைப் பெட்டியில் அடுக்கினேன்.
அதில் ஐம்பதாம் நாள்.
பழுப்பாக, நெருக்கியடித்து,
இன்னும் கூவிக்கொண்டிருக்கின்றன.