ஒப்பந்தப்படி

பர்பேங்க். ஒன்பதாம் எண் அரங்கு.
கதாநாயகிக்கு ஒரு கேரவன், ஒரு ஒப்பனைக்காரி;
சங்க ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது.
கதாநாயகி இருந்தாக வேண்டும் என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஆகவே காலை ஐந்தரைக்கு வந்துவிடுகிறேன்.
தூரிகைகளை அலசுகிறேன், காயவைக்கிறேன்.
அவளுக்கென்று வரும் விதையில்லாத் திராட்சையை
நானே தின்கிறேன்.
மூன்று கிலோ ஏறிவிட்டது எனக்கு.
இலியான் வெர்ரி எப்படித்தான்
இவ்வளவு ஒல்லியாக இருக்கிறாளோ என்கிறது
ஒரு பத்திரிகை.

இயக்குநர் கிரிம்ஷா
காலிக் கேரவனின் கதவை இரண்டு முறை தட்டிவிட்டுத்தான்
உள்ளே வருவார்.
மூச்சுவிடும் நடிகைகளுக்கு அவர் தட்டியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, சலிப்பில்,
கிளெண்டேலிலிருந்து வரும் கணினிப் பையன் வாஹேயிடம் சொன்னேன்:
"தாடையில் ஒரு பரு வையேன், மனுஷி மாதிரி இருக்கட்டும்."
வைத்தான்.
படம் வெளியான வாரமே
பெவர்லி ஹில்ஸ் மருத்துவர்கள் பரு நடத் தொடங்கினார்கள்.
ஒன்று அறுநூறு டாலர்.
இடது பக்கம் என்றால் கூடுதல்.

ஒப்பனைக்கான விருது எனக்கு.
மேடையேறி உள்ளதைச் சொன்னேன்:
"அவள் முகத்தை நான் தொட்டதேயில்லை."
அரங்கம் எழுந்து நின்றது.
என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று
முன்மேசைப் பெண் ஒருத்தி அழுதேவிட்டாள்.
கண்மை கரைந்து கன்னத்தில் இறங்கியது.

கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு
கைப்பையில் பஞ்சைத் தேடினேன்.
கொஞ்சம் நிமிருங்கள் என்றேன்.
எட்டு மாதத்துக்குப் பிறகு
சூடான ஒரு கன்னம்.

துடைத்துக்கொண்டே வந்தேன்,
தாடைவரை.
இடது பக்கம்.
கூடுதலாகத்தான் கொடுத்திருக்கிறாள்.