போடிமெட்டு, பதினோராம் வளைவு

ஏலத்தை ஏலத்தில் எடுப்பது என் பிழைப்பு.
இந்தக் காரையும் அப்படித்தான் எடுத்தேன்.
பூப்பாறை எஸ்டேட்டின் உரக் கொட்டகையில்
யூரியா மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது,
அறுபத்தேழாம் வருஷத்து ஸ்பிட்ஃபயர்.
சிவப்பின்மேல் யாரோ ஜீப்புப் பச்சையை அடித்திருந்தார்கள்.
எட்டுப் பேர் விலை கேட்டோம்.
ஏழு பேர் கேட்டது இரும்பு விலை.

வீட்டுக்கு வந்ததும்
ஆளாளுக்கு ஒரு யோசனை.
கம்பத்து மச்சான் ஜப்பான் எஞ்சின் என்றார்.
தேனிக் கடைக்காரர் பளபளக்கும் அகலச் சக்கரங்களை
தவணைக்கே தருகிறேன் என்றார்.
தம்பிக்கு நாலு ஸ்பீக்கர் வேண்டும்.
கூரையே இல்லாத வண்டியில்
பாட்டு யார் காதில் விழும் என்று
அவன் யோசிக்கவில்லை.

சாயம் ஏற்றிய காயை
நகத்தால் கீறிப் பார்த்தே வாங்குகிறவள் நான்.

மெக்கானிக் மீராசா யோசனை சொல்லவில்லை.
வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி
அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.
நான் ரெண்டு டீ குடித்தேன்.
"இது கால் மடக்குற குதிரைம்மா" என்று குரல் மட்டும் வந்தது.
வேகமாக வளைகையில் பயந்து பிரேக்கைத் தொட்டால்
வெளிப்பக்கப் பின்சக்கரம் உள்ளே மடங்கும்,
வால் தலையை முந்தப் பார்க்கும்.
"மொதல்ல நிக்கணும். அப்புறம் வளையணும்.
ஓடுறதெல்லாம் அதுவா ஓடும்."

அந்த வரிசையில்தான் என் பணம் போனது.
வெடித்த ரப்பர் குழாய்க்குப் பதில்
எஃகு வலை சுற்றிய பிரேக் குழாய்.
நடுவில் இறுகாமல் ஊஞ்சலாடும் வில்பட்டை,
சீமையிலிருந்து, சுங்கம் தனி, அழுகை தனி.
முன்பக்கச் சாமானுக்குப் புதுப்பேட்டை.
பழைய ஹெரால்டும் இதுவும்
ஒரு வயிற்றுப் பிள்ளைகளாம்.
டைனமோவைக் கழற்றிவிட்டு
மாருதி எண்ணூறின் ஆல்டர்னேட்டர்.
அகல்விளக்காய் எரிந்த முன்விளக்குக்கு
ரெண்டே ரெண்டு ரிலே,
முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை.
மூடுபனியில் இப்போது மைல்கல்லைப் படிக்கலாம்.
பிறகு, தோளையும் மடியையும் பிடிக்கும் பெல்ட்.

நாலரை மணி இருட்டில் ஏறினோம்.
மெட்டில், கேரளத்துச் சோதனைச் சாவடியில்
டார்ச்சோடு ஒருவர்:
"எந்தெங்கிலும் மாற்றியோ?"
சைலன்சரைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார்,
விளக்கின் நிறம் பார்த்தார், குனிந்தும் பார்த்தார்.
அபராதம் எழுத ஒன்றுமில்லை.
பச்சையை விரலால் தேய்த்து
"பெயின்ட் மோசமாணு" என்று சொல்லிவிட்டுப்
போனார், லேசான வருத்தத்தோடு.

திரும்பி இறங்கும்போது விடிந்திருந்தது.
கொஞ்சம் வேகம்தான், மறைக்கவில்லை.
பதினோராம் வளைவில், என் பாதையில்,
காய் பறிக்கப் போகிற ஜீப்பு,
உள்ளே பதினாறு பேர், வெளியே தொங்குபவர் வேறு.

மிதித்தேன்.
மிதிக்கவே கூடாத இடத்தில் மிதித்தேன்.
பக்கத்தில் மீராசாவும் மிதித்தார்,
அவர் காலடியில் இல்லாத பிரேக்கை.
வால் ஒரு கணம் நினைத்துப் பார்த்தது.
பின்
வேண்டாம் என்று விட்டுவிட்டது.

பம்பருக்கும் பம்பருக்கும் நடுவே
ஒரு சாக்கு அகலம்.
ஜீப்பிலிருந்து மொக்கத்தாய் கத்தினாள்:
"யாரு, ஏலக்கடை அக்காவா!
ரெண்டு பேரு போறதுக்கா இம்புட்டு ரோடு?"
பதினாறு பேரும் சிரித்தார்கள்.
என் முழங்கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
ஜீப்புக்கு வழிவிட்டுப் பின்னால் நகர்ந்தேன்.

பச்சையைச் சுரண்டவில்லை.
காய் விலை ஏறட்டும், பார்க்கலாம்.