நான்காம் அறையில் பத்து நிமிடம்

உமேயோ நகரில்
நவம்பர் சூரியன்
மதியச் சாப்பாடு செரிக்கும் முன்னே கடையைச் சாத்திவிடும்.
அதன்பின் என் வேலை:
மரக்கன்றுகளுக்குக் காவல்.
கன்று ஓடிப்போகாது.
கதவு திறந்து கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நான்காம் அறையில் நூற்றிருபது ஆஸ்பென்.
பத்து மணிநேரம் விளக்கு, பதினான்கு மணிநேரம் இருட்டு.
"இரவை அளப்பது இலை" என்றார் யில்வா சாண்ட்கிரென்
என்னை வேலைக்கு எடுத்த அன்று.
"இலைக்குள் ஒரு மரபணு
பொழுது சாயும் நேரம் பார்த்து
ஒரு புரதத்தைச் செய்து வைக்கும்.
அப்போதும் வெளிச்சம் இருந்தால் அது நிலைக்கும்;
நுனிக்குச் சேதி போகும்: வளர்.
இருட்டிவிட்டதோ,
பிறந்த சூடு ஆறும் முன் கரையும்.
சேதி இல்லை. நுனி மூடிக்கொள்ளும்.
உறைபனிக்கு முன் மூடாத மரம்
வசந்தத்தைப் பார்க்காது.
அதனால், டோர்னி, உள்ளே பச்சை விளக்கு மட்டும்."

பச்சை விளக்கை நான் ஒருநாளும் மறக்கவில்லை.
மறந்தது வேறு:
கைப்பேசியும் ஒரு விளக்குதான் என்பதை.

இரவு இரண்டு இருபது.
கிருனாவில், சுரங்கத்தின் அடியில்
பெல்ட்டைப் பார்த்துக்கொள்ளும் ரிஸ்டின்
தேநீருக்கு உட்காரும் நேரம்.
நாங்கள் நேரில் சந்தித்தது இரண்டே முறை,
அதில் ஒன்று ரயில் தாமதமானதால்.
அவள் எழுதுவாள்:
இங்கே பகலும் இல்லை, இரவும் இல்லை, மணி மட்டும் உண்டு.
நான் எழுதுவேன்:
இங்கே இரவுக்குப் பச்சை நிறம்.
வெளியே மைனஸ் இருபது.
உள்ளே கதவோரம், மூன்றாம் வரிசைக்கு அருகே,
கவிழ்த்த வாளிமேல்
கதகதப்பாக நான்.

ஆறு வாரத்தில்
நூற்றெட்டு கன்றுகள் நுனியைப் பூட்டிக்கொண்டன
பழுப்புச் செதிலுக்குள்.
வாளியைச் சுற்றிய பன்னிரண்டு மட்டும்
புதுத்தளிர் விட்டபடி
பல்லிளித்துக்கொண்டு நின்றன.

யில்வா மண்டியிட்டார். கையில் அளவுகோல் நடுங்கியது.
"மரபணு பிறழ்ந்திருக்கிறது" என்றார்,
"இரவை நம்பாத ஒரு வம்சம்."
இருபது வருடம் தேடியவர் முகம்.
அதைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்துவிடலாம்.
இரண்டு நாள் இருந்தேன்.

மூன்றாம் நாள் சொன்னேன்.
வாளி. கைப்பேசி. இரண்டு இருபது.
பெயரை மட்டும் விட்டுவிட்டு.

அவர் திட்டவில்லை; அதுதான் கஷ்டமாக இருந்தது.
பென்சிலை எடுத்தார்.
"தினமுமா?"
ஞாயிறு தவிர.
"எத்தனை நிமிடம்?"
பத்து. சில நாள் பதினைந்து.
"அந்தச் சில நாளுக்குத் தேதி?"
இருந்தது. எல்லாச் சேதிக்கும் தேதி இருந்தது.
ஒவ்வொன்றாக வாசித்தேன், நேரத்தை மட்டும்.
என் காது சிவந்ததை
அவர் குறித்துக்கொள்ளவில்லை.

"நடு இரவில் ஒரு கீற்று" என்றார் கடைசியில்.
"நீள இரவு இரண்டாக உடைந்து
இரண்டு குட்டி இரவாகிவிட்டது இவற்றுக்கு.
கோடை என்று நினைத்துக்கொண்டன, பாவம்."

வாளி இப்போது நடைவழியில்.
பன்னிரண்டில் ஆறை இருட்டில் விட்டுவைத்தார்;
நேற்று அதில் ஒன்று நுனியை மூடியது.
மற்ற ஆறு வேறோர் அறையில்.
அங்கே இரண்டு இருபதுக்கு
ஒரு சின்ன விளக்கு
தானாக எரிகிறது, பத்து நிமிடம்,
ஞாயிறு தவிர.