வீரகத்தி மற்றும் பிறர், 2011

பதவி உயர்வுப் படிவத்தில் பதினான்காம் கட்டம்:
உங்கள் ஆய்வுகளைப் பிறர்
எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்?

கோணேசபுரி வளாகத்தில் கரண்ட் போய்
மின்விசிறி கடைசிச் சுற்றில் நிற்கிறது.
மடிக்கணினியில் இன்னும் நாற்பது நிமிடம்.
என்னைத் தேடுகிறேன்.

நான் இரண்டு பேர்.
வீ. சுகிர்தா என்று ஒருத்தி:
மூன்று கட்டுரை, ஐந்து மேற்கோள்,
சிலியிலிருந்து ஒருவர் சுகர்தா என்று எழுதியதையும் சேர்த்து.
மற்றது சு. வீரகத்தி.
கடவுச்சீட்டு குடும்பப் பெயர் கேட்டது.
எங்களிடம் அப்பாவைத் தவிர வேறு பெயர் இல்லை.
அப்படித்தான் அவர் புனேக்கும்
கேப்டவுனுக்கும் போனார்,
எனக்கு முன்னால், விமானம் ஏறாமல்.

அப்பா சீனக்குடா மாவாலையில் கணக்கர்.
லொறியில் ஏறும் மூட்டைக்கு ஒரு கோடு,
நாலு கோட்டின் மேல் குறுக்கே ஒன்று.
முப்பத்தொரு வருசம். ஒரு மூட்டை பிழைத்ததில்லை.
தொலைநோக்கியில் ஒரேயொரு முறை கண் வைத்தார்,
உப்புவெளிக் கடற்கரையில்.
"தூசி தெரியுது."
துடைத்துக் கொடுத்தேன்.
"இப்ப தூசியும் இல்லை."

என் நட்சத்திரம் இரட்டை.
ஒன்றையொன்று மறைத்து மறைத்து மங்கும்.
அந்த மங்கலுக்குக் காத்திருப்பது என் வேலை.
பெயர் கிடையாது, பட்டியல் எண் மட்டும்.
சுற்றும் காலம் குறைகிறது, இரண்டும் நெருங்குகின்றன,
ஒருநாள் ஒன்றாகும்
என்று எழுதினேன்.
நெருங்கவில்லை.
மூன்றாவதாய் ஒன்று, கண்ணில் படாத தூரத்தில் நின்று
இரண்டையும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.
ஒளிதான் முந்தியும் பிந்தியும் வந்திருக்கிறது.
கண்டுபிடித்தவர்கள் போலந்துக்காரர் மூவர்.
நல்ல கட்டுரை. மதிப்பிடச் சொல்லி
எனக்கே அனுப்பினார்கள்.
வெளியிடலாம் என்று எழுதினேன்.

அதன் பிறகுதான் எனக்குப் புகழ்.
இருநூற்றுப் பதினான்கு மேற்கோள்.
பாதிக்கு மேல் ஒரே வசனம்:
வீரகத்தி கருதியதற்கு மாறாக.
வீரகத்தியின் பிழையைத் தவிர்க்கும்பொருட்டு.
ஒரு பாடப்புத்தகத்தில் பயிற்சி வினா ஏழு:
வீரகத்தி எங்கே தவறினார்?

ஒரு மூட்டை பிழைக்காத மனிதர்
ஐந்து கண்டங்களில் பிழைத்துக்கொண்டிருக்கிறார்.
இந்தச் சொல்லை எங்களூர்
இரண்டு பொருளிலும் நன்றாய் அறியும்.

ஆனால் அவர்களுக்கு நேரங்கள் எங்கிருந்து வந்தன?
மற்றவளின் அட்டவணையிலிருந்து.
நான்கு வருசம், கணவாய்ப் படகுகளின் வெளிச்சம்
கடலில் அணைந்த பிறகு,
நுளம்புக்குக் காலை உதறியபடி குறித்த நேரங்கள்.
என்னைப் பிழையென்று காட்டியது என் கணக்கு.
கோடுகள் சரி.
கூட்டிச் சொன்னதுதான்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஒரு மான்
கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது.
பிறந்த திகதி முடிந்து
பெயருக்கு வந்திருந்தது.
பெயரைப் படிக்க ஸ்கூட்டரை நிறுத்தினேன்.
பிந்திவிட்டேன்.

வீட்டில் அப்பா கேட்டார்:
"எத்தினை?"
"இருநூற்றிப் பதினாலு."
"ஆர் எண்ணினது?"
"கணினி."
"நீ எண்ணு."

எண்ணினேன். பென்சிலால்,
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
நாற்பத்திரண்டு கட்டு, மிச்சம் நான்கு.
அந்த நான்கில் இரண்டு
நானே என்னை மேற்கோள் காட்டியது.
"அது வெளியில போன மூட்டை இல்லை," என்றார்.
"வெட்டு."

என்ன எழுதியிருக்கிறார்கள் என்று
அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.
அழித்துவிட்டு இருநூற்றுப் பன்னிரண்டு என்று போட்டேன்.

வெளியே வாடைக்காற்று,
நிலாவெளிப் பக்கம் முழுக்க முகில்.
பதினொன்று பதினேழுக்கு
அது மங்கியிருக்கும்.